உப்புக் காற்றில் ஒரு லிப்ட்

லிப்ட் என்பது வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்த யந்திரம். 1854-ஆம் வருஷம் எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர் நியூயார்க் பொருட்காட்சியில் ஒரு மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, தம்மைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு அறுந்தது, மேடை விழவில்லை. பக்கத்திலிருந்த பற்கள் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த வித்தை நடந்த இடம் கிரிஸ்டல் பாலஸ் என்ற கண்ணாடி மாளிகை. தலைக்கு மேலே கூரை இருந்தது. மூன்று வருஷம் கழித்து அதே நகரத்தில் ஒரு கடையில் மனிதரை ஏற்றிச் செல்லும் லிப்டை அவர் அமைத்தார். அங்கேயும் கூரைதான். நம் சென்னையில் 1959-ல் மவுண்ட் ரோடில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கட்டிடம் எழும்பியபோது வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டிடத்து லிப்டுகளும் ராஜகுமாரிகள் மாதிரி வெயில் படாமல் அந்தப்புரத்திலேயே இருந்தன.

இப்படிச் சீராட்டி வளர்க்கப்பட்ட யந்திரத்தை இந்த முப்பது வருஷத்தில் நாம் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து விட்டோம். ரயில் மேம்பாலத்தின் ஓரத்தில், மெட்ரோ ஸ்டேஷனின் நடைபாதையில், ஆஸ்பத்திரியின் புறச்சுவரில் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக அது நிற்கிறது. கொண்டுவந்த காரணம் மிக நியாயமானது. படியேற முடியாதவர்களும் மேலே போக வேண்டும் அல்லவா? ஆனால் வெளியே நிறுத்தியவர்கள் அது நனையும் என்பதை எவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்பது வேறு விஷயம். அதிலும் ராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புகைபோக்கியுமாக உள்ள எங்கள் வடசென்னையில் இது சின்னக் கேள்வி அல்ல. கால் நன்றாக உள்ளவனுக்கு லிப்ட் நின்றுபோனால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு லிப்ட் நின்றால் ஊரே நின்றுபோனது மாதிரி.

வெட்டவெளியில் மனிதரைத் தூக்கி இறக்குவது சென்னைக்குப் புதிதல்ல. ஓட்டிஸ் காலத்துக்கு வெகு முன்பே இந்தக் கரையில் அந்த வேலை நடந்து வந்தது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையை விட்டு எட்ட நங்கூரமிட்டு நிற்கும். நடுவே இடைவிடாமல் மடிந்து விழும் அலை வரிசைகள். கப்பலிலிருந்து ஏணி வழியாக இறங்கத் தெம்புள்ளவர்கள் இறங்கினார்கள். பெண்களையும் முதியவர்களையும் நோயாளிகளையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பாய்மரத்தின் குறுக்குக் கழியிலிருந்து கப்பியும் கயிறும் கொண்டு படகில் இறக்கினார்கள். படகு அலையில் எழும்பும் கணம் பார்த்து நாற்காலியை விட வேண்டும். கணம் தப்பினால் எலும்பு முறியும். படகு கரையைத் தொட்டதும் படகுக்காரர்கள் அவர்களைத் தோளிலோ நாற்காலியிலோ சுமந்துகொண்டு ஈர மணலைத் தாண்டி உலர்ந்த மணலில் வைத்தார்கள். உடம்பு நனையாமல் சென்னையில் கால் வைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

அந்தப் படகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். வெள்ளைக்காரர்கள் மசூலா என்று எழுதிய படகுக்குச் சலங்கு என்றும் பெயர் உண்டு. அதில் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். இடுக்கில் நாரையும் வைக்கோலையும் அடைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு விறைத்துக்கொண்டு எதிர்க்காது. தசை மாதிரி நெளிந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் இந்தக் கரையில் பிளந்துபோன இடத்தில், தைத்த படகு தரையில் மோதியும் பிழைத்தது. பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், யாராவது விழுந்தால் பிடித்துத் தூக்க. அலை மிஞ்சிப் போனால் படகு விடக்கூடாது என்று கரையில் கொடி ஏற்றினார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கப்பல்களே இங்கே நிற்கத் தயங்கின. ஆக, யந்திரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தக் காலத்து ஏற்பாட்டில் மூன்று சங்கதிகள் இருந்தன: பருவத்தை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்ட கருவி, ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள், எப்போது நிறுத்துவது என்று ஊருக்கெல்லாம் தெரியும் அடையாளம். இன்றைய லிப்டுக்கு இவற்றில் எத்தனை இருக்கிறது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அந்தப் படகுக்காரர்களின் ஊர்தான் ராயபுரம். ராயப்பர் என்றால் கிறிஸ்தவத் தமிழில் பேதுரு. படகுக்காரச் சமூகத்தார் தங்கள் சொந்தப் பணத்தில் எழுப்பிய புனித இராயப்பர் கோவிலை இன்றும் அங்கே பார்க்கலாம்.

தோளில் சுமப்பதைவிட இரும்பு கௌரவமானது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நினைத்தது. 1861-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டினார்கள். அலை மடியும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் படகுக்காரர் தயவு வேண்டாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான்; கடல்தான் ஒப்புக்கொள்ளவில்லை. 1868-லும் 1872-லும் அடித்த புயல்கள் அந்தப் பாலத்தை முடமாக்கிவிட்டன. படியேற முடியாதவர்கள் மறுபடியும் தோளுக்கே திரும்பினார்கள்.

நம் கடல் மட்டும் கொடுமைக்காரக் கடல் என்று நினைத்துவிட வேண்டாம். அதே சமயத்தில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சால்ட்பர்ன் என்ற ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே கடற்கரைக்கும் ஊருக்கும் நடுவே செங்குத்தான மேடு, 120 அடி உயரம். உல்லாசமாக வருகிறவர்கள் இறங்கிவிடுகிறார்கள், திரும்ப ஏறச் சலித்துக்கொள்கிறார்கள் என்று கண்டு, 1870-ல் ஒரு மரக்கோபுரம் கட்டி அதில் கூண்டு வைத்தார்கள். இருபது பேர் நிற்கலாம். தண்ணீரின் எடையால் கூண்டு ஏறும், இறங்கும். வெட்டவெளியில் பொது ஜனங்களுக்காக வைத்த மிகப் பழைய லிப்டுகளில் அது ஒன்று. பதின்மூன்று வருஷம் அது காற்றிலும் மழையிலும் நின்றது. 1883-ல் சோதித்துப் பார்த்தபோது தாங்கும் மரங்களே உளுத்திருந்தன. கழற்றிப் போட்டுவிட்டு, மறுவருஷம் சரிவில் தண்டவாளம் போட்டு வண்டி விட்டார்கள். அந்த வண்டி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. தென் ஆப்பிரிக்காவின் டர்பனிலோ, கப்பலிலிருந்து பிரயாணிகளைப் பெரிய பிரம்புக் கூடைக்குள் நிற்கவைத்துத் தூக்கிச் சிறு கப்பலில் இறக்கும் வழக்கம் வெகுநாள் இருந்தது. பார்க்கக் கோழிக்கூடை மாதிரிதான். ஆனால் பிரம்பு துருப்பிடிக்காது, இடித்தால் வளையும், உள்ளே இருப்பவர்மேல் அலைத்துளி நேரே அடிக்காது. சலங்கு கட்டியவன் கண்டால் மெச்சியிருப்பான்.

சென்னைக்குத் துறைமுகம் வந்த கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1875-ல் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் வைத்தார். 1881 நவம்பர் புயல், கட்டி முடித்த அலைதாங்கிச் சுவர்களைக் கடலுக்குள் புரட்டிவிட்டது. மறுபடி கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு பார்த்த வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தார். அதற்குப் பிறகுதான் கப்பல் தரையோடு தரையாக வந்து நிற்க, தூக்கு நாற்காலிக்கும் சலங்குக்கும் பிரயாணிகள் விஷயத்தில் ஓய்வு கிடைத்தது.

ஆனால் அந்தச் சுவர் இன்னொரு காரியமும் செய்தது. கரையோரமாகத் தெற்கேயிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்த மணலை அது மறித்தது. தெற்கே மணல் குவிந்து குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையைக் கடல் அரித்தது. மீனவர் குப்பங்களில் தெருத் தெருவாகப் போயின. கரைக்குக் கருங்கல் கொட்டிக் கொட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

ரயிலுக்கு வருவோம். 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் கிளம்பியது. அந்த ஸ்டேஷனின் தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பை இன்றும் காணலாம். அந்த நாளில் ஸ்டேஷன் என்றால் தெருவிலிருந்து நாலு படி, அப்புறம் வண்டி. தூக்கிவிடவும் ஆள் இருந்தார்கள். பாதைகள் இரண்டு, நான்கு என்று பெருகப் பெருக, குறுக்கே பாலம் வந்தது. பாலத்துக்குப் படிகள் வந்தன. ஊர் வளர்வது என்றால் படிகள் அதிகமாவது என்று ஆயிற்று. 1995-ல் பார்லிமெண்டு ஊனமுற்றோர் சட்டம் கொண்டுவந்தது. ரயிலையும் ரஸ்தாவையும் கட்டிடங்களையும் எல்லோரும் புழங்கும்படி செய்யவேண்டும் என்றது. கூடவே, ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. சர்க்கார் காரியாலயங்களுக்கு அந்தக் கதவு மிகவும் விசாலமாக இருந்தது! 2016-ல் வந்த புதிய சட்டம் அதைவிடக் கண்டிப்பானது. அதற்குள் மெட்ரோவும் வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் சேவை தொடங்கியது. தண்டையார்ப்பேட்டை வரை பூமிக்குக் கீழே. அப்பால் சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் தூண்மேல். தேரடி ஸ்டேஷனை மறுவருஷம் திறந்தார்கள். தியாகராஜ சுவாமியையும் வடிவுடை அம்மனையும் தரிசிக்க வரும் பாட்டிமார்களுக்கு வரலாற்றில் முதல்முறையாக மாடி ரயில் கிடைத்தது. ஏறிப் போக லிப்டும் கிடைத்தது.

இனி மழை பெய்யட்டும்.

நம் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கு மழையைப் பற்றி ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது: தரையை உயர்த்து. தெருவிலிருந்து மூன்று படி, திண்ணை, அப்புறம் நிலைப்படி, அதற்கும் ஒரு சாண் உயரம். தண்ணீர் உள்ளே வராது. பாட்டி வெளியே போகமாட்டாள் என்பதும் உண்மை. காலில்லாத ஒருவர் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் தாமாக நுழைய முடியாது என்பதைப் பற்றி அந்நாளில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லிப்டின் வாசலில் இந்தக் கொத்தனார் சாஸ்திரம் செல்லாது. சக்கர நாற்காலி தடையில்லாமல் உருண்டு போகவேண்டும் என்றால் வாசலும் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வாசலும் தரையும் ஒரே மட்டம் என்றால் தண்ணீரும் உருண்டு போகும். நாற்காலி நுழையும் வழியெல்லாம் வெள்ளமும் நுழையும். வெளிப்புற லிப்டின் முழுச் சங்கடமும் இந்த ஒரு விரற்கடையில்தான் இருக்கிறது.

நுழைந்த தண்ணீர் எங்கே போகும்? ஒவ்வொரு லிப்டின் அடியிலும் ஒரு குழி உண்டு. நாலைந்து அடி ஆழம். கூண்டு தவறிக் கீழே வந்தால் தாங்கும் வில்லும் வேறு சில உறுப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. கதவுக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வழியாகத் தண்ணீர் அதில் போய் விழுகிறது. நல்ல லிப்டில் குழிக்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் அதைத் தூக்கினால், கூண்டு மேல் தளத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும், கீழே இறங்கி நனையாது. தண்ணீரை இறைக்கப் பம்பும் வைப்பார்கள். ஆனால் பம்புக்கு மின்சாரம் வேண்டும். புயலில் முதலில் போவது மின்சாரம்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஒரு அடி உயர்த்தப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் மெல்லிய சரிவாகத் தரையை மேடாக்கி, அந்த மேட்டின்மேல் லிப்டின் வாசலை வைக்கலாம். வாசலுக்கு முன்னால் குறுக்கே கம்பித்தட்டு மூடிய வடிகால் ஓட்டலாம். அந்தக் கம்பிகளின் இடைவெளியில் சக்கரமோ ஊன்றுகோலோ மாட்டக்கூடாது. மேலே சார்ப்பு இறக்கலாம். சார்ப்பு என்றால் கதவுக்கு மேலே நீட்டிய முழநீளத் தகரமல்ல. நம் ஊர் ஐப்பசி மழை நேராகப் பெய்வதில்லை. கடலிலிருந்து சாய்ந்து வருகிறது. கதவைக் கிழக்கே பார்த்து வைத்தால் எந்தச் சார்ப்பும் காக்காது. வீட்டுக்கு வாசல் எந்தத் திசை என்று பஞ்சாங்கம் பார்க்கிற ஜனங்கள் லிப்டுக்கு வாசல் எந்தத் திசை என்று காற்றைப் பார்க்கக் கூடாதா? மேலும், சக்கர நாற்காலியில் வருகிறவர் குடை பிடிக்க முடியாது. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும். லிப்ட் வரும்வரை அவர் நனையாமல் காத்திருக்க இடம் வேண்டும். பெரும்பாலும் சார்ப்பு கதவைக் காக்கும் அளவுக்குத்தான் இருக்கிறது. காத்திருப்பவரைக் காக்கும் அளவுக்கு இல்லை. போதுமான அளவில் இருக்கும் இடத்திலோ, மழை வந்ததும் பாதி வீதி அங்கே வந்து ஒதுங்கிவிடுகிறது, ஸ்கூட்டர்கள் உட்பட.

கதவைப் பற்றி ஒரு வேடிக்கை. கதவு முழுக்க மூடிப் பூட்டு விழாமல் லிப்ட் நகரக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. உயிர் காக்கும் விதி. ஆனால் கதவு ஓடும் காடியில் ஒரு பிடி ஈர மணல் விழுந்தால் கதவு முழுக்க மூடாது. மூடாவிட்டால் யந்திரம் கிளம்பாது. எத்தனையோ லட்ச ரூபாய்ச் சாமானை நிறுத்த நம் கடற்கரைக்கு ஒரு பிடி மணல் போதும். இன்னொன்று, கதவுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்று ஓடுகிறது. யாராவது குறுக்கே நின்றால் கதவு மூடாது. சாய்வெயில் நேரே விழுந்தாலும் சாரல் அடித்தாலும், எவரோ நிற்கிறார் என்று அது நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து திறந்து மூடும். ஆளில்லாத விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி.

உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் உலகமெங்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின் இரண்டு எண்கள். முதல் எண் தூசியைத் தடுப்பது, இரண்டாவது தண்ணீரைத் தடுப்பது. ஐ.பி.54 என்றால் கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசி புகாது, எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரும் பாதிக்காது என்று பொருள். டெண்டரில் இந்த எண்ணை எழுதுவது சுலபம். பொத்தான் பெட்டியைப் பழுதுபார்க்கத் திறந்தவர் ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தாமல் மூடிவிட்டால் 54 வெறும் இரண்டு எண்களாகிவிடும்.

வெயிலும் சாமானியமல்ல. பார்க்க அழகாக இருக்கிறதென்று கண்ணாடிக் கூண்டு கட்டுகிறார்கள். குளிர்நாட்டில் அது சரி. சித்திரை, வைகாசியில் சென்னையில் கண்ணாடிப் பெட்டி என்பது அடுப்பு. மனிதருக்கும் வியர்க்கிறது; மின்னணுப் பலகைக்கும் காய்ச்சல் வந்து யந்திரம் படுத்துவிடுகிறது. காற்று போகவேண்டும், மழை வரக்கூடாது என்றால், சாய்த்து அடுக்கிய பலகைகள்தான் வழி. நம் பழைய பங்களாக்களின் ஜன்னலிலேயே அது இருந்தது.

எல்லாவற்றையும்விட மௌனமாக வேலை செய்வது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, இரவு ஈரத்தில் கரைந்து, பகலில் உலர்ந்து, மறுபடி கரைகிறது. மழைநீர் கழுவாத மூலைகளில், அதாவது சார்ப்புக்கு அடியிலேயே, துரு அதிகம் என்பது வேடிக்கையான உண்மை. ஆகவே கூரை போட்டால் மட்டும் போதாது. உள்ளே நல்ல தண்ணீரால் கழுவவும் வேண்டும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நம்புகிறோம். சமையலறை எவர்சில்வரைக் கடற்கரையில் கொண்டுவந்து வைத்தால் தேநீர்க் கறைபோலப் பழுப்பு படரும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் அதைவிடத் தாங்கும், விலையும் அதிகம். எங்கள் பகுதிக்கு உப்பு மட்டுமல்ல. 2011-ல் ஹைகோர்ட் உத்தரவால் நிற்கும்வரை துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது. பிறகு அது எண்ணூருக்குப் போயிற்று. அனல்மின் நிலையங்களின் புகையும் சாம்பலும், மணலி ஆலைகளின் வாயுக்களும் சேர்ந்த ஈரத்தில் உப்பின் வேலை இரட்டிப்பாகிறது.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையா? அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு உலோக அரிப்பே ஒரு முக்கியப் பாடம். மண்டபத்தில் கடலோரத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து, எவ்வளவு தின்னப்பட்டது என்று நிறுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம். வருஷாவருஷம் வர்ணம் பூசியும் கம்பி மாற்றியும் நூறு வருஷத்துக்கு மேல் அதை நிற்கவைத்தார்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவதை நிறுத்தவேண்டி வந்தது. 2025-ல் புதுப் பாலம் திறந்தது. கப்பல் போக வழிவிடும் இரும்பை நூறு வருஷம் காப்பாற்றத் தெரிந்த ராஜ்யம் இது. அங்கே துரு சுரண்டுவதற்கென்றே ஆள் இருந்தார்கள். தெருவோர லிப்டுக்கு அப்படி யாரும் இல்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் டெலிபோன் நம்பர் ஒட்டியிருக்கிறது. அதுவும் மழையில் அழிந்திருக்கும்.

ஒருமுறை வடசென்னையில் ஒரு ரயில் நிலையத்துக்கு என் சித்தியை அழைத்துப் போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய் வெகுநாளாயிற்று. முந்தின நாள் மழை. லிப்டின் கதவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் கயிறு கட்டி, கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. யாரைக் கேட்பது என்று நான் திகைத்து நிற்கையில், பார்சல் தூக்கும் இருவர் வந்தார்கள்.

“இன்னா சார், லிப்டா? அது தண்ணி பட்டா படுத்துக்கும். ஆயாவை நாங்க தூக்கினு போறோம்” என்றார்கள்.

ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். சித்தி அதில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “மூட்டை மாதிரி தூக்காதீங்கப்பா, நான் மனுஷி” என்றாள். “விழமாட்டே ஆயா, கெட்டியா புடிச்சுக்கோ” என்று சொல்லி, ஐம்பது படி ஏற்றி, ஐம்பது படி இறக்கினார்கள். காசு கொடுத்தபோது ஒருவர் வாங்கிக்கொண்டார், மற்றவர் மாட்டேன் என்றார். சித்தி வழியெல்லாம் பேசவில்லை. வீடு சேர்ந்த பிறகு, “இனிமேல் என்னை எங்கும் கூப்பிடாதே” என்றாள். அவர்கள் அன்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் சலங்குக்காரர் தோளிலிருந்து இருநூறு வருஷம் நடந்து நாம் வந்து சேர்ந்த இடம் அதே தோள்தான் என்று அன்று பட்டது.

பழனியில் ஆடிக் காற்று பலமாக அடித்தால் ரோப் கார் நிற்கும்; மாதத்தில் ஒரு நாளும் வருஷத்தில் சில வாரங்களும் பராமரிப்புக்காக நிற்கும்; முன்கூட்டியே பத்திரிகையில் போடுவார்கள். 1966 முதல் ஓடும் விஞ்சு இருக்கவே இருக்கிறது. ஒன்று நின்றால் மற்றொன்று. நிற்பது குற்றமல்ல. சொல்லாமல் நிற்பதும், நின்றபிறகு வேறு வழி இல்லாததுமே குற்றம். மலையேறும் பக்தனுக்குக் கிடைத்த இந்த மரியாதை, டாக்டரிடம் போகிற ராயபுரத்துக் கிழவிக்கும் கிடைக்கலாம்.

மாற்றுத் திறனாளிகளுக்கான உலக தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 3-ஐக் குறித்திருக்கிறது. சென்னையை மனத்தில் வைத்துக் குறித்திருக்க முடியாது! 2015-ல் நகரம் மூழ்கியது டிசம்பர் 1, 2 தேதிகளில். 2023-ல் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது டிசம்பர் 3, 4 தேதிகளில். எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் மிதந்து வந்தது. 2022-ல் நடந்தது இன்னும் விசேஷம். மெரினாவில் மணல் அகலம் என்பதால் சக்கர நாற்காலிக்காரர்கள் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று மாநகராட்சி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை போட்டு, அந்த நவம்பர் 27-ஆம் தேதி திறந்தது. முதன்முதலாக அலையின் பக்கத்தில் போன சிலர் அழுதார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை ஏறியது. பாதையின் கடல் பக்கத்து நுனியை அலை பெயர்த்துவிட்டது. திறந்து இரண்டு வாரம் ஆகவில்லை.

ஊரில் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. 1868-லும் 1872-லும் 1881-லும் இதே கடல் பெரிய இஞ்சினீயர்களின் இரும்பையும் கல்லையும் புரட்டியதே. அதற்காகத் துறைமுகமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. வாணிபத்துக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கட்டினார்கள். இந்தப் பலகைகளையும் பழுது பார்த்தார்கள்.

அந்தப் பாதைக்கு அவசியம் வந்ததே, துறைமுகச் சுவர் தெற்கே ஒதுக்கிக் கொடுத்த மணலால்தான். வடக்கே, அந்தச் சுவர் மணலைப் பறித்த பக்கத்தில், பலகை போட மணல் கிடையாது. திருவொற்றியூரில் மெட்ரோவை விட்டு லிப்டில் இறங்கிக் கிழக்கே போனால் எண்ணூர் நெடுஞ்சாலை. அதைக் கடந்தால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கருங்கல். கடல் அதற்கு அப்பால் இருக்கிறது. கல்மேல் ஏற முடிந்தவர்கள் பார்க்கிறார்கள்.